கரிசலுக்கு எத்தனை கலப்பை?

நாகலாபுரத்தில் எங்கள் தாத்தா வீட்டுத் தொழுவத்தின் மேற்குச் சுவரில் கனத்த கலப்பை ஒன்று, இளங்கலப்பை ஒன்று, குண்டகை ஒன்று சாத்தியிருக்கும். மூலையில் களைவெட்டிகள் கிடக்கும். பதினைந்து குறுக்கம் மானாவாரிக் கரிசலை வைத்துக்கொண்டு ஒரு பெரிய குடும்பம் வருஷம் பூராவும் வெள்ளாமை செய்ய இந்த நாலு வகைச் சாமான்கள் போதுமானவையாக இருந்தன. நான் சொல்வது 1970-களின் கதை. அப்போது எங்கள் பக்கம் தூத்துக்குடி மாவட்டம் ஆகவில்லை, திருநெல்வேலிச் சீமைதான்.

இன்றைக்கு அதே காட்டுக்கு ஒன்பது கொத்துக் கலப்பை வருகிறது, ஐந்து கொத்து வருகிறது, சட்டிக் கலப்பை, இறக்கைக் கலப்பை, உளிக் கலப்பை, ரோட்டாவேட்டர், விதைக்கும் கருவி என்று வரிசையாக வருகின்றன. அன்று ஒரு ஜோடி மாட்டின் இழுப்பு ஒரு குதிரைத்திறனைத் தொட்டால் பெரிது. இன்று 45, 50 குதிரைத்திறன் வாசலில் உறுமுகிறது. ஆனால், "இந்த ஈரத்துக்கு எதைப் பூட்டுவது?" என்ற கேள்விக்குத் தாத்தா விடியுமுன் பதில் சொல்லிவிடுவார். நாங்கள் இத்தனை சாமான்களுக்கு நடுவில் நின்றுகொண்டு பதில் தெரியாமல் வரப்பில் காத்திருக்கிறோம். சாமான் பெருகப் பெருக வேலை எளிதாகியிருக்க வேண்டும். தலைகீழாக நடந்தது ஏன் என்று எனக்குப் பட்டதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிசலில் ஏறக்குறைய பாதி களி. அந்தக் களி தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஆனி, ஆடி மேல்காற்று அடிக்கும்போது எங்கள் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் வெடிப்புக்குள் தோள்வரை கையை விட்டு விளையாடுவோம். மழை விழுந்ததும் முதல் தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாக அடிமண்ணுக்கு இறங்கும். பிறகு மண் ஊதி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் பெய்கிற மழை உள்ளே போக வழியில்லாமல் மேலாகவே ஓடிவிடும். அந்த நேரத்தில் காட்டில் கால் வைத்தால் மண் காலோடு வரும். கலப்பையை இறக்கினால் கொழு தெரியாதபடி மண் அப்பிக்கொள்ளும். அதையும் மீறி உழுதால் புரள்கிற கட்டி, வெயிலில் காய்ந்து செங்கல்லாக இறுகிவிடும். பிறகு மறு மழைதான் அதை உடைக்கும்.

வெடித்த மண்ணுக்கும் சேற்றுக்கும் நடுவே கொஞ்ச நாள் மட்டும் கரிசல் பொலபொலவென்று உதிரும். அதுதான் பதம். நல்ல மழைக்குப் பின் அந்தப் பதம் சில நாள் நிற்கும். சுள்ளென்று வெயிலும் காற்றும் சேர்ந்துவிட்டால் ஒரே நாளில் தப்பிப்போகும். கோவில்பட்டிப் பக்கத்து வருஷ மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிற பழமொழி எங்களுக்குப் பொருந்தாது. எங்கள் பட்டம் புரட்டாசி. இப்படி ஒரே காடு வருஷத்துக்குள் நாலைந்து வேறு வேறு நிலமாக மாறும். அத்தனைக்கும் ஈடுகொடுக்க எத்தனை கருவி வேண்டும் என்பதுதான் கேள்வி.

தாத்தாவின் கனத்த கலப்பை கோடைக்கு. கருவேல மரத்தில் தச்சாசாரி செதுக்கியது, நீளமான கொழு. சித்திரை, வைகாசியில் எதிர்பாராமல் ஒரு உழவு மழை பெய்தால் அதைத் தோளில் சுமந்துகொண்டு கிளம்பிவிடுவார். ஆறு அங்குலம் வரை இறங்கும். நாட்டுக் கலப்பை மண்ணைக் கவிழ்த்துப் போடாது, கீறிக்கொண்டு போகும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் கொஞ்சம் நிற்கும். அதனால் மறு உழவு குறுக்கே. கோரைக் கிழங்கும் அருகு வேரும் மேலே வந்து வெயிலில் வாடும். மண்ணுக்குள் பதுங்கிய புழுக்கூடுகளைப் பறவைகள் பொறுக்கித் தின்னும். அடுத்த மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்க அந்தக் கரடுமுரடு உதவும். கோடை உழவில் கட்டி கட்டியாகக் கிடந்தால் தாத்தாவுக்குச் சந்தோஷம்தான். "இப்பவே எதுக்கு நுணுக்கணும்? வெயிலும் மழையும் உடைச்சுக் குடுக்கும்" என்பார். கரிசல் அப்படிப்பட்ட மண். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, கட்டிகள் தானாகவே உதிர்ந்து பொடியாகும்.

இளங்கலப்பை விதைப்புக்கு. புரட்டாசியில் பருவமழை வருமுன்னே காய்ந்த புழுதியில் சோளமும் பருத்தியும் விதைக்கிற வழக்கம் எங்களுடையது. இதில் ஆழம்தான் உயிர். மேலோட்டமாக விழுந்த விதை, வழிதவறி வந்த ஒரு சிறு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருமுன் கருகிவிடும். இரண்டு அங்குலம் கீழே கிடந்தால் அது தூறலுக்கு ஏமாறாது. நிலம் நனைகிற மழை வந்த பிறகே முளைக்கும். அதற்கு மேல் ஆழம் போனாலோ முளையால் மேலே வர முடியாது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தார் இன்றும் பருவத்துக்கு முந்திய விதைப்புக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த ஆழத்தைத் தாத்தா எப்படிக் கொண்டுவந்தார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஏர்க்காலில் நுகத்தைக் கட்டுகிற இடத்தில்தான் சூட்சுமம். கலப்பைக்குக் கிட்ட இழுத்துக் கட்டினால் கொழுவின் மூக்கு நிமிர்ந்து மேலாகப் போகும். தள்ளிக் கட்டினால் மூக்கு கவிழ்ந்து ஆழமாக இறங்கும். பூட்டாங்கயிற்றை அவிழ்த்து ஒரு விரல் அளவு நகர்த்தி மறுபடி இறுக்குவார். ஒரு சால் ஓட்டுவார். மாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்து, புழுதியை ஒதுக்கி, ஆள்காட்டி விரலைச் சாலுக்குள் விடுவார். இரண்டு கணு மறைந்தால் சரி. மூன்றாவது கணுவும் மறைந்தால் திரும்பவும் கயிறு அவிழும். பாட்டி மடியில் விதையோடு பொறுமையாக நிற்பார். தாத்தா தலையசைத்த பிறகுதான் சாலில் விதை விழும். கனத்த கலப்பையிலும் இதே வித்தையைச் செய்யலாம். ஆகச் சுவரில் இருந்தது இரண்டு கலப்பை என்றாலும், கயிற்றை அவிழ்க்கத் தெரிந்தவருக்கு அவை ஐந்தாறு கலப்பைகள்.

மூன்றாவது குண்டகை. இரண்டரை அடி நீளத்துக்குத் தட்டையான இரும்பு அலகு, அதைத் தாங்க ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். அது மண்ணைப் புரட்டாது. இரண்டு அங்குலம் கீழே படுத்த மேனிக்கு ஊர்ந்து போகும். முளைத்த களையின் வேரை அறுக்கும். மழை அடித்து இறுகிய மேல்தோலை உடைக்கும். அப்போதுதான் வாய் திறக்கிற வெடிப்பை மூடும். வெடிப்பு மூடினால் அடியில் இருக்கிற ஈரம் ஆவியாகாமல் செடிக்கு நிற்கும். கலப்பை ஒரு நாள் முழுக்க உழுகிற நிலத்தைக் குண்டகை வெயில் ஏறுமுன் முடித்துவிடும். பயிர் வரிசைகளுக்கு நடுவே ஓட்டச் சின்ன அலகு ஒன்றும் இருந்தது. கரிசலுக்கென்றே பிறந்த கருவி என்று நான் எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

நாலாவது, களைவெட்டி. மாடு இறங்கினால் புதைகிற ஈரத்தில்கூட வரப்போரமாக நின்று ஆள் இறங்கலாம். அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வரிசை கட்டி இறங்குவார்கள். முதுகொடிகிற வேலை. அதை நான் பெருமையாகப் பாடமாட்டேன். ஆனால் வேறு எதுவும் நுழைய முடியாத நாளில் நுழைந்தது அது ஒன்றுதான்.

ஐந்தாவதாக ஒன்று ஊரில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. மண்ணைக் கவிழ்த்துப் போடுகிற இரும்புக் கலப்பை. கோரை மண்டிய துண்டுக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. வேண்டும்போது இரவல் வாங்குவோம். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கடகம் கம்பு கூடப் போகும். நான் ஒருநாள் கேட்டேன்:

"தாத்தா, நாமளும் ஒண்ணு வாங்கிருவமா?"

"எதுக்குடே? கோரை அந்த மூலையில மூணு வருசத்துக்கு ஒருக்கத்தான் மண்டும். அதுக்காகத் தொழுவத்துல மாட்டுக்கு எடஞ்சலா ஒண்ணை நிறுத்தணுமா?"

வருஷம் தவறாமல் வருகிற மண்ணுக்குச் சொந்தச் சாமான், எப்போதாவது வருகிற மண்ணுக்கு இரவல் சாமான். தாத்தா இதை விதியாக ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தொழுவத்தின் கணக்கு முழுக்க இதுதான் என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

சீமையில் செய்த கருவியைக் கொண்டுவந்து நம் மண்ணைத் திருத்தப் பார்த்தது நேற்று இன்று நடந்ததல்ல. 1865-இல் சென்னை மாகாண அரசு சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை முதற்கொண்டு இங்கிலாந்துக் கருவிகள் கப்பலில் வந்து இறங்கின. அவை நம் குடியானவன் கைக்கு வந்து சேரவில்லை. 1889-இல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893-இல் வெளியான அறிக்கையில் அவர் எழுதியது மேலிடத்தாருக்கு வியப்பாக இருந்திருக்கும். இந்தியக் குடியானவனின் மாட்டுக்கும் மண்ணுக்கும் கைக்காசுக்கும் அவன் கருவிகள் பொருத்தமானவை, அவற்றில் திருத்துவதற்கு அதிகம் இல்லை என்பது அவர் கருத்து. கோவில்பட்டியில் 1901-இல் பருத்தி ஆராய்ச்சிக்கு நிலையம் வந்தபோது அது மண்ணையும் மழையையும் கூடவே படித்தது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் 'கே' என்ற எழுத்தோடு வருகிற ரகங்கள் அங்கே பிறந்தவை. எங்கள் பக்கத்து ஆட்கள் விதைப் பையில் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான்.

1980-களில் எங்கள் தெருவுக்கு டிராக்டர் வந்தது. அய்யா முதல் முறையாக அதை வாடகைக்குப் பிடித்த அன்று நாங்கள் எல்லோரும் காட்டுக்குப் போனோம். ஒரு வாரம் மாட்டை அடித்து உழுகிற காட்டை மதியத்துக்குள் முடித்துவிட்டு டிரைவர் கை கழுவினார். அய்யாவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் சோளத்தட்டைக்கு அலைந்து, மாட்டைப் பட்டினி போடக்கூடாதே என்று தவித்த மனிதர் அவர். டிராக்டர் வேண்டாம் என்று இன்று யாராவது எழுதினால், அவர்கள் பஞ்ச காலத்தில் மாடு வளர்த்தவர்கள் இல்லை என்று அர்த்தம். காளைகள் விலைக்குப் போயின. நுகத்தடி பரணுக்கு ஏறியது. குண்டகையின் அலகைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போனார். கொழு தீட்டுகிற வேலை நின்றபோது கொல்லாசாரியின் உலையும் அணைந்தது.

அந்த நிம்மதியோடு ஒன்று கைமாறிப் போனதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. மாடு தொழுவத்தில் இருந்தவரை உழுகிற நாளை மண் முடிவு செய்தது. டிராக்டர் இன்னொருவர் வாசலில் நிற்பதால் உழுகிற நாளை அவருடைய முறை முடிவு செய்கிறது. பதம் வந்தால் ஊருக்கே ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வருகிறது. வண்டிகளோ நாலைந்துதான் இருக்கின்றன.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புரட்டாசிக் காலை. டிரைவர் வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு விட்டா அடுத்த வாரந்தான் வருவேன்."

"மண்ணு இன்னும் ஈரமாக் கெடக்கே தம்பி."

"ரோட்டாவேட்டர் போட்டு விட்டுருதேன். மாவா ஆக்கிரும்."

நான் தாத்தா செய்தபடி செய்து பார்த்தேன். மேல்மண்ணை ஒதுக்கி, சால் ஆழத்திலிருந்து ஒரு பிடி அள்ளினேன். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாகத் திரண்டது. இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விட்டேன். உடையாமல் தரையில் நச்சென்று உட்கார்ந்தது. பதமான மண்ணாக இருந்தால் விழுந்ததும் சிதறியிருக்கும். உள்ளங்கையில் களி பளபளவென்று பூசியிருந்தது. "வேண்டாம் தம்பி, காயட்டும்" என்று அனுப்பிவிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் அதே வண்டியைத் தம் காட்டில் இறக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் மகன் மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

அந்த வருஷம் இரண்டு காடுமே சரியாக வரவில்லை. அவர் காட்டில் மேலே நாலு விரல் மண் மாவாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ரோட்டாவேட்டரின் கத்தி ஈரக்களியைத் தேய்த்து மெழுகிவிட்டிருந்தது. அடுத்த மழைத் தண்ணீர் அந்த மெழுகலைத் தாண்டி இறங்காமல் தேங்கி, உளுந்து மஞ்சள் பூத்தது. என் காட்டுக்கு வண்டி திரும்ப வந்தபோது பதம் தப்பி மண் இறுகிவிட்டது. ஒன்பது கொத்து இழுத்ததில் தலையளவு கட்டிகள் புரண்டன. அவசரப்பட்டவரும் கெட்டார், காத்திருந்தவனும் கெட்டான். எந்தக் கருவி என்பது தெரிந்திருந்தும் அது மண் கேட்ட நாளில் கைக்கு எட்டவில்லை. என் பார்வையில் இன்றைய கரிசல் விவசாயத்தின் பெரிய சங்கடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ரோட்டாவேட்டர் தன்னளவில் கெட்ட சாமான் கிடையாது. நஞ்சையில் அது செய்கிற வேலையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மானாவாரிக் கரிசலில் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் அதையே ஓட்டினால், ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டியின் அழுத்தமும் சேர்ந்து அடியில் கெட்டித்தட்டு விழுகிறது. அதை உடைக்க உளிக் கலப்பை தேவைப்படுகிறது. ஒரு கருவி செய்ததைச் சரிசெய்ய இன்னொரு கருவி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தானாக உதிர்கிற மண்ணை நாம் காசு கொடுத்து மாவாக்குகிறோம், பிறகு காசு கொடுத்து உடைக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான முயற்சியும் நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்ற கனவு அது. 1972-இல் ஹைதராபாத் பக்கத்துப் பட்டாஞ்செருவில் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் கரிசல் மண்ணையே முக்கிய ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுப் பொறியாளர் ழான் நோல் வடிவமைத்த டிராபிகல்டர் என்ற மாட்டு வண்டிச் சட்டத்தை அங்கே பயன்படுத்தினார்கள். இரண்டு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம். அதில் கலப்பையைப் பூட்டலாம், அலகைப் பூட்டலாம், விதைப்பானைப் பூட்டலாம், பலகை போட்டு வண்டியாகவும் ஓட்டலாம். ஆராய்ச்சிப் பண்ணையில் அது பிரமாதமாக வேலை செய்தது. விவசாயிகளிடம் அது பரவவில்லை. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாடுகளில் இந்த வகைக் கருவிகளுக்கு நேர்ந்ததைத் தொகுத்துப் பால் ஸ்டார்க்கி 1988-இல் ஒரு புத்தகமே எழுதினார். குறையின்றிச் செய்தும் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது என்பதே அதன் தலைப்பின் பொருள். விலை அதிகம், எடை அதிகம், திருப்புவது சிரமம், ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் நேரம் போய்விடும் என்று காரணங்களை அவர் அடுக்கியிருக்கிறார். நாலு நாள் பதத்தில் அரை நாள் திருகாணியோடு போனால் என்ன ஆகும் என்பது எந்தச் சம்சாரிக்கும் தெரியும். ஒரு சக்கரம் உடைந்தால் உழவு, விதைப்பு, களை எல்லாம் சேர்ந்து நிற்கும் என்பதும் தெரியும். தாத்தாவின் சுவரில் கலப்பை முறிந்தால் குண்டகை அப்படியே இருந்தது.

இந்தக் கணக்கு கரிசலோடு நின்றுவிடவில்லை என்று ஓஸ்லோவில் வேலை பார்க்கிற என் தங்கை மகன் மூலம் தெரிந்துகொண்டேன். போன தைப்பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவன், பனியில் சறுக்கிப் போகிற ஸ்கீ கட்டை வாங்கப் போவதாகச் சொன்னான்.

"மாமா, இங்க பனி ஒரே மாதிரி இருக்காது. புதுசா விழுந்தா பஞ்சு மாதிரி கெடக்கும், அதுக்கு அகலமான கட்டை. உருகி மறுபடி உறைஞ்சா கண்ணாடி, அதுக்கு ஒடுக்கமா, ஓரம் கூரா இருக்கணும். பூஜ்யம் டிகிரியில ஈரப்பனி, அது கட்டையில ஒட்டிக்கிடும். எத்தனை ஜோடி வாங்கன்னு தெரியலை."

"ஒம் பக்கத்துல எந்தப் பனி அதிக நாள் கெடக்கும் மாப்ளே?"

"மிதிபட்டு இறுகின பனிதான் மாமா."

"அதுக்கு ஒண்ணு நல்லதா வாங்கு. அடுத்து எது வருமோ அதுக்கு ஒண்ணு. மத்ததுக்கு வாடகை கெடைக்குமில்ல?"

கிடைக்கும் என்றான். கட்டைக்கு அடியில் தேய்க்கிற மெழுகைப் பற்றியும் சொன்னான். 1946-இல் ஸ்வீடனில் தொடங்கி இப்போது நார்வேயில் இருக்கிற ஸ்விக்ஸ் நிறுவனம் குளிரின் அளவுக்கு ஏற்ப நிறம் பிரித்து மெழுகு விற்கிறது. கடுங்குளிருக்குப் பச்சை, அதைவிடக் குறைந்த குளிருக்கு நீலம், பூஜ்யத்தைத் தாண்டினால் சிவப்பு. அங்கே அனுபவப்பட்டவர்கள் வெப்பமானியைப் பார்ப்பதோடு பனியைக் கையில் அள்ளி அமுக்கியும் பார்ப்பார்களாம். ஒரே ஜோடிக் கட்டையை மெழுகு மாற்றிப் பல பனிக்கு ஓட்டுகிற அந்த வித்தையைக் கேட்டபோது, ஏர்க்காலில் கயிற்றை ஒரு விரல் நகர்த்துகிற கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளையின் கேள்வியில் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. சாமான்களைத் தேர்ந்தெடுக்கிறவர் மிக மோசமான நாளை நினைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கினால் பட்டியலுக்கு முடிவே இராது. மோசமான நாள்கள் வராமல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் கரிசலுக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். அந்த மார்கழியில் மானாவாரிக் காடுகளில் தண்ணீர் நின்று பயிர் அழுகியதை எல்லோரும் பார்த்தோம். எந்த டிராக்டரும் எந்தக் கலப்பையும் அப்போது இறங்க முடியவில்லை. தப்பிய கொஞ்சப் பயிரைக் காப்பாற்ற வடிகால் வெட்டியவர்கள் கையில் இருந்தவை மண்வெட்டியும் களைவெட்டியும்தான். அப்படிப்பட்ட நாளுக்கென்று தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. இருக்கிற எளிய சாமானைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

அப்படியானால் இன்றைய நாகலாபுரம் சம்சாரிக்கு எத்தனை கருவி? என் கணக்கில் இப்போதும் நாலுதான். கோடை மழைக்கு ஒன்பது கொத்துக் கலப்பை. பதத்தில் இறக்கினால் கட்டியை உடைத்துக் கொடுக்கும், மண்ணைக் குழைக்காது. புழுதி விதைப்புக்கு, ஆழத்தைத் திருகி நிறுத்தக்கூடிய விதைக்கும் கருவி; இரண்டு கணு என்பது அதில் 5 சென்டிமீட்டராக நிற்கும், நூறு சாலிலும் மாறாது. இதில் புதுக்கருவி தாத்தாவின் கையைவிட மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன். மூன்றாவது, குண்டகையின் அலகு. டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற மாதிரியே இப்போது வருகிறது. எங்கள் பக்கம் அதைக் கேட்பார் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. களைக்கொல்லி வாங்குகிற காசில் ஒரு பகுதியை அதற்குப் போட்டால் களையும் போகும், வெடிப்பும் மூடும், ஈரமும் நிற்கும். மருந்தால் முதல் வேலையை மட்டும்தான் செய்ய முடியும். நாலாவது, அதே களைவெட்டி.

உளிக் கலப்பையும் இறக்கைக் கலப்பையும் இரவல் பட்டியலில் இருக்கட்டும். கெட்டித்தட்டு விழுந்த காட்டுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக் கலப்பை போதும். வேளாண் பொறியியல் துறையிடம் வாடகைக்குக் கிடைக்கிறது. கோடையில் காய்ந்த மண்ணில் ஓட்டுவதால் அதற்கு அவசரமும் இல்லை. முறை வரும்வரை காத்திருக்கலாம். அவசரம் எல்லாம் பதத்தில் இறங்க வேண்டிய கருவிகளுக்குத்தான். அவற்றைத்தான் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும்.

சொந்தமாக வைக்க எல்லோருக்கும் வசதி இல்லை என்பது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. 2017-18-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு சிறு, குறு விவசாயிகள் சேர்ந்த குழுவுக்குப் பொதுக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் நூறு பேருக்கு ஒரு கருவி என்றால் பதம் வந்த நாளில் பழைய வரிசைதான். கருவி எத்தனை பேருக்குப் பொது என்பதைப் பதம் எத்தனை நாள் நிற்கும் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். மூன்று நாளில் ஓட்டி முடிக்கிற அளவு நிலம் எவ்வளவோ, அவ்வளவு நிலத்துக்காரர்கள் ஒரு கருவிக்குக் கூட்டு. எங்கள் பக்கம் அது ஏழெட்டு வீடுகளைத் தாண்டாது.

இந்த வருஷம் எங்கள் தெருவில் அப்படி ஒரு கூட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அலகு ஒன்றும் விதைக்கும் கருவி ஒன்றும் முதலில். டிராக்டர் வாடகைக்கே இருக்கட்டும். பின்னால் பூட்டுகிற சாமான் எங்களுடையதாக இருந்தால், எந்த வண்டி ஓய்வாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். யாருக்கு முதலில் என்று சண்டை வராதா என்று ஒரு இளைஞர் கேட்டார். விதைப்பு புழுதியில் நடப்பதால் அதற்குச் சீட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அலகுக்கு மட்டும் சீட்டு வேண்டாம். காலையில் எல்லோர் காட்டிலும் ஒரு பிடி மண் அள்ளிப் பார்ப்போம். எந்தக் காட்டு மண் முதலில் உதிர்கிறதோ அந்தக் காட்டில் அன்றைக்கு அலகு இறங்கட்டும். மேட்டுக்காடு முதலில் காயும், பள்ளக்காடு பிந்திக் காயும். அதனால் வரிசையை மண்ணே போட்டுக் கொடுத்துவிடும். இதற்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வருகிற புரட்டாசிக்கு முன் பணம் சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.